மலை நோட்டு

கிழிந்தும் நைந்தும் இனிமேல் கைக்கு ஆகாது என்றாகிவிட்ட ரூபாய் நோட்டுகளை ஒழித்துக்கட்ட அரசாங்கம் பெரிய பெரிய எந்திரங்களை வைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சி மண்டிக்காரர் தங்கதுரைக்கு அந்தச் செலவெல்லாம் கிடையாது. அவருக்குக் கல்வராயன் மலை இருந்தது.

அவருடைய கல்லாப்பெட்டியில் இரண்டு தடுப்பு. நல்ல நோட்டு வலப்பக்கம் போகும். அது கரும்புக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும். எண்ணெய் குடித்தது, மூலை போனது, நடுவில் கிழிந்து டேப் ஒட்டியது, எவனோ பேனாவால் காதலி பேரை எழுதிவைத்தது, சட்டைப்பையோடு துவைபட்டு வெளுத்தது, இதெல்லாம் இடப்பக்கம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தங்களிடம் தேங்கியதைக் கொண்டுவந்து கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். சந்தை நாளில் அவருடைய வேன் கரியாலூருக்கு ஏறி இறங்கும்போது இடப்பக்கம் காலியாகியிருக்கும். கடுக்காய்க்கும் புளிக்கும் தேனுக்கும் அந்த நோட்டுதான். மலைத்தேன் என்றால் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒசத்தி, மலை நெல்லிக்காய் என்றால் ஒசத்தி. மலை நோட்டு என்றால் மட்டும் எவனும் கை நீட்டமாட்டான். அந்தப் பேரை வைத்தவர்கள் கீழே இருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே தெரியாது. நோட்டு என்றாலே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

செல்லியம்மாளும் அப்படி வாங்கினவள்தான். காட்டில் பொறுக்கிக் காயவைத்த கடுக்காய் மூட்டைகளையும், வீட்டிலிருந்த இரண்டு ஆடுகளையும் தை மாதத்தில் தங்கதுரையின் வேனில் ஏற்றிவிட்டாள். ஆட்டை விற்கிற ஆளில்லை அவள். புருஷன் செத்த வருஷம்கூட விற்காமல் சமாளித்தவள். இப்போது விற்றது மகன் கவியரசனுக்காக. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் ஆசைப்பட்டு வைத்த பேர் அது. அந்தக் கவியரசன் எட்டாவதோடு நின்று, கிடைத்த கூலிக்கெல்லாம் போய், ஐப்பசியில் எவனோ ஒரு மேஸ்திரியின் பேச்சை நம்பி ஆந்திராவுக்கு மரம் ஏற்றுகிற வேலைக்குப் போனான். ஏற்றியது செம்மரம் என்று போலீஸ் பிடித்த பிறகுதான் தெரியும் என்றான். தெரிந்துதான் போனானோ என்னவோ. மேஸ்திரி ஓடிவிட்டான், மரத்தை வாங்குகிறவன் யாரென்று யாருக்கும் தெரியாது, சுமந்தவன் மட்டும் உள்ளே இருந்தான். நம் நாட்டில் எந்த வழக்கிலும் சுமந்தவன்தான் உள்ளே இருப்பான்.

கள்ளக்குறிச்சி வக்கீல் பிரவீன்குமார், ஆந்திராவில் அந்த ஊர் வக்கீல் ஒருத்தரைப் பிடித்து ஜாமீனுக்கு மனுப் போட்டிருந்தார். ஜாமீன் கிடைத்தும்விட்டது. கோர்ட்டில் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கட்டினால் சனிக்கிழமை பையன் வெளியே வந்துவிடலாம். வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் தானே போகப்போவதாகவும், அதற்குள் பணத்தோடு வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கட்டாவிட்டால் தேதி தள்ளிப் போகும், கூட இருக்கிறவர்கள் மேல் போட்ட இன்னொரு வழக்கிலும் பையனைச் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் இந்த ஜாமீனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது என்று பயமுறுத்தியும் வைத்திருந்தார். பயமுறுத்தினார் என்று சொல்லக்கூடாது. அவர் சொன்னது நிஜம்.

தங்கதுரை பணத்தைக் கொடுத்தபோது செல்லியம்மாளுக்கே அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் பட்டது. கிழிசலைத்தான் சொல்கிறேன், பணத்தை இல்லை. மொத்தக் கட்டிலும் முழுசாக ஒரு நோட்டு இல்லை. எல்லாம் இப்படியே இருக்கிறதே மொதலாளி, வெளியூர்க் கோர்ட்டில் கட்டுகிற பணம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நம்பர் இருந்தால் எந்த நோட்டும் செல்லும் என்றார் அவர். அதோடு விட்டிருக்கலாம். வேனில் சாய்ந்து நின்றுகொண்டு, சுற்றியிருந்தவர்கள் சிரிக்கட்டும் என்று ஒன்று சொன்னார்.

"உம் பேரே செல்லி. நீ குடுத்தா செல்லாம பூடுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லியம்மாளும் சிரித்தாள். பணம் கொடுக்கிறவன் சிரிப்புக் காட்டினால் வாங்குகிறவன் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்து, வக்கீல் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பிரவீன்குமார் நல்ல மனுஷன்தான். கட்டைப் பிரித்து நாலைந்து நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அவளையும் ஒருமுறை பார்த்தார். மலை நோட்டு என்று அவர் வாய் முணுமுணுத்தது. அந்தப் பேரை அவள் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"இத எடுத்துகினு போயி அந்த ஊரு கோர்ட்ல நீட்னா என்னியும் சேத்து உள்ள வெச்சிடுவாங்கம்மா. பேங்குல குடுத்தா மாத்திக் குடுப்பாங்க. மாத்திகினு சாயங்காலத்துக்குள்ள வாங்க," என்றார்.

பேங்க் என்றதும் அவளுக்குப் பாதிப் பயம் தெளிந்தது. அவளுக்குத்தான் அங்கே கணக்கு இருக்கிறதே. மகளிர் குழு ஆரம்பித்த காலத்தில் எடுத்தது. பாஸ்புத்தகமும் ஆதார் கார்டும் எப்போதும் அவள் சுருக்குப் பையில் இருக்கும். மலையில் எந்த ஆபீசர் வந்தாலும் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான் என்பதால் அவள் அதைத் தாலியைப் போலப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பேங்கில் கூட்டம். கவுண்டரில் ராதிகா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முறைக்கத் தெரியாதவள். இந்தக் கதையில் யாரையாவது நாலு வார்த்தை திட்டவேண்டும் என்று எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைத் திட்ட வழியில்லை. அவள் கட்டை வாங்கி, ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் தடவிப் பார்த்து, எல்லாமே மாற்றக்கூடியதுதான் என்று முதலில் தைரியம் சொன்னாள். அப்புறம்தான் சிக்கலைச் சொன்னாள். இத்தனை கிழிந்த நோட்டுக்குக் கையில் பணமாகவே மாற்றிக் கொடுக்கவேண்டும் என்றால் மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். எந்நேரம் திரும்புவாரோ தெரியாது, நாளைக்குத்தான் ஆகும்.

செல்லியம்மாளின் முகத்தைப் பார்த்து ராதிகாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தாள். வழி இருந்தது.

"அக்கவுண்ட் இருக்குதாம்மா? இருந்தா அதுல போட்டுர்லாம். ஒடனே ஆயிடும்."

"போட்டுட்டா நல்ல நோட்டு வந்துருமாம்மா?"

"வந்துரும்மா. எப்ப வேணா எடுத்துக்கலாம்."

"அப்பப் போட்டுரும்மா," என்றாள் செல்லியம்மாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மலைக்கு வாரம் தவறாமல் பைக்கில் பாத்திரக்காரன் ஒருவன் வருவான். ஓட்டை அண்டா, நெளிந்த குண்டான், விரிசல் விட்ட குடம், எதுவானாலும் பழசைப் போட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூவுவான். மலையில் எல்லாப் பெண்களுக்கும் போடுவது என்றால் அதுதான். ஒரு கையால் போட்டு மறு கையால் வாங்குவது. செல்லியம்மாள் பழைய நோட்டைப் போட்டாள். புது நோட்டுக்காகக் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு. இது என்ன என்று கேட்டாள். பணம் போட்டதற்கு ரசீது என்றாள் ராதிகா. அப்போது நோட்டு எங்கே என்று செல்லியம்மாள் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. இப்போதே எடுக்கவேண்டுமா, அப்படியென்றால் எடுக்கிற சீட்டை நானே எழுதித் தருகிறேன் என்று அந்தப் பெண் இரக்கப்பட்டு எழுதி, பெருவிரல் மையை அவள் பக்கம் தள்ளிவைத்து, கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஒருமுறை தட்டினவள் இன்னொருமுறை தட்டினாள். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

"நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்களாம்மா?" என்று ராதிகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆமாம்மா. ஜாமீனுக்குத்தான் இந்தப் பணமே."

"அதுக்குத்தாம்மா போயிட்டுது. மொத்தமும் ஜாமீனுக்குப் போயிட்டுது."

செல்லியம்மாளுக்கு நெஞ்சு அப்படியே குளிர்ந்துவிட்டது. பஸ் பிடித்து வக்கீல் போகவேண்டியதில்லை, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்கவேண்டியதில்லை, பேங்கிலிருந்தே கோர்ட்டுக்குப் போய்விட்டது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"நீ நல்லாருப்பம்மா. அப்ப நான் வக்கீலாண்ட போவ வோணாமா?"

"எந்த வக்கீலு?" என்று கேட்டாள் ராதிகா.

அதற்கப்புறம் அந்தப் பெண் கவுண்டரை விட்டு வெளியே வந்து, செல்லியம்மாளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து விளக்கினாள். செல்லியம்மாளின் குழு சில வருஷங்களுக்கு முன்னால் கடன் வாங்கியது. வாங்கும்போது ஒருவருக்கொருவர் ஜாமீன் என்று எல்லோரும் கைரேகை வைத்தார்கள். செல்லியம்மாள் தன் பங்கைத் தவணை தவறாமல் அடைத்துவிட்டாள். குழுவின் தலைவி குஞ்சம்மாளும் இன்னும் சில பேரும் அடைக்காமலே குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பாக்கிக்காக மற்ற எல்லோர் கணக்கிலும் பேங்க் பிடிப்புப் போட்டு வைத்திருந்தது. கணக்கில் பணம் விழுந்த அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொண்டது. செல்லியம்மாளின் கணக்கில் இத்தனை நாளாக எதுவும் விழுந்ததில்லை என்பதால் அவளுக்கும் தெரியவில்லை, அவசரத்தில் ராதிகாவும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும், என் தப்புத்தான் என்றாள் அந்தப் பெண்.

பையனை வெளியே கொண்டுவரவும் ஜாமீன், அடுத்தவள் கடனுக்குக் கைரேகை வைத்ததும் ஜாமீன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் மலையேறி வந்திருக்கமாட்டான். ஏழை ஒருத்தி ஒரே நாளில் இரண்டு ஜாமீனிலும் அகப்படுவாள் என்று அவன் எங்கே யோசித்தான்.

செல்லியம்மாள் அழவில்லை. குழுவையும் குஞ்சம்மாளையும் திட்டவுமில்லை. குஞ்சம்மாளின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாக்கி வைக்காமல் வேறென்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியும். பிறகு, வழி கண்டுபிடித்தவள்போல நிமிர்ந்தாள்.

"புது நோட்டு வோணாம்மா. நான் குடுத்தேன் பாரு, அந்தக் கிழிஞ்ச நோட்டு, அதையே திருப்பிக் குடுத்துரு."

அந்த நோட்டுகள் தனியாகக் கட்டப்பட்டு, சீட்டு ஒட்டி, ஒரு பைக்குள் போய்விட்டன. இனிமேல் அவற்றை யார் கையிலும் கொடுக்கக்கூடாது. சென்னைக்குப் போகும், அங்கே எந்திரத்தில் போட்டுத் தூளாக்கி, அழுத்திக் கட்டையாக்கி, அடுப்பெரிக்கவோ அட்டை செய்யவோ விற்றுவிடுவார்கள். இதையெல்லாம் ராதிகா பொறுமையாகச் சொன்னாள். சொல்லும்போதே சொல்லியிருக்கவேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

"தூளாக்குறதுக்குத்தானே வெச்சிருக்கீங்க. அத எங்கிட்ட குடுத்தா இன்னாம்மா கொறஞ்சிடப் போவுது? வக்கீல் கால்ல வுழுந்தாவது எடுத்துக்கச் சொல்றேன். செல்லாத நோட்டுன்னாலும் என் கையில இருந்துது."

அவள் குரலை உயர்த்தவில்லை. கடையில் ஒரு கொசுறு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கவுண்டரில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி, அப்புறம் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளே நோட்டு எண்ணுகிற எந்திரம் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் மேனேஜர் வந்தார். அவரும் கெட்டவரில்லை. கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், மனு எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார், மனுவை ராதிகாவையே எழுதவைத்தார். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, அது மேலே இருக்கிறவர்கள் கையில் என்றார். கிளம்பும்போது ராதிகா தன் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் எடுத்து அவள் கையில் வைத்தாள். மடிப்பே விழாத புத்தம் புது நோட்டு. கதைகளில் வரும் பெண்கள் அதை வீசியெறிந்துவிட்டுப் போவார்கள். செல்லியம்மாளுக்கு மலைக்குப் போக பஸ் காசு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டாள்.

வக்கீல் ஆபீசில் பிரவீன்குமார் பையோடு தயாராக இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். யாரிடமாவது கடன் வாங்கமுடியுமா என்று கேட்டார். தங்கதுரையிடம் கேட்டால் கொடுப்பார், அதே நோட்டுதான் கொடுப்பார் என்றாள் அவள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தன்னிடமும் இப்போது இல்லை என்று வக்கீல் சொன்னது நிஜமா பொய்யா என்று அவள் ஆராயவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஊர் வக்கீலுக்குப் போன் போட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். பேசி முடித்ததும், பார்க்கலாம்மா என்றார். பார்க்கலாம் என்று வக்கீல்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஐப்பசியிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் பஸ் இன்னும் வரவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய பட்டன் போன் அடித்தது. ஆந்திரா நம்பர். ஜெயிலில் மகன் முறை வருகிற நாளில் கொஞ்ச நேரம் பேசவிடுவார்கள். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துகிற சத்தமும் கேட்கும். கவியரசன் மூச்சுவிடாமல் பேசினான். சாப்பாடு பரவாயில்லை என்றான். வந்ததும் இனி மலையை விட்டு எங்கேயும் போகமாட்டேன், ஆட்டையே பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஆடு இல்லை என்று அவள் சொல்லவில்லை. வக்கீல் கிளம்பிவிட்டாரா என்று கேட்டான். அதற்கும் அவள் பதில் சொல்வதற்குள் அவனே மேலே பேசிக்கொண்டு போனான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சனிக்கெழம வந்துருவேன்ல, அதான் என் போர்வைய இங்க ஒரு புதுப் பையனுக்குக் குடுத்துட்டேம்மா. ஜவ்வாது மலைப் பையன். வெறுந்தரையில நடுங்கிகினு கெடந்தான்."

செல்லியம்மாள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கவி, அந்தப் போர்வைய திருப்பி வாங்கிக்கடா," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான்.

"குடுத்தத எப்பிடிம்மா திருப்பிக் கேக்கறது?"

"கேளுடா. வெக்கப்படாத. குளுரு இன்னும் போவல."